மூன்று ராகு காலமும் ஒரு வியாழக்கிழமை வகுப்பும்

1

மன்னார்குடியில் இருக்கும் என் பள்ளித் தோழி ஒருத்தி சிறு பத்திரிகை ஒன்றுக்கு உதவி செய்கிறாள். போன மாதம் என்னைக் கூப்பிட்டாள். "நாற்பது வயசுல காலேஜுக்குப் போறியாமே! வீடு, புருஷன், பிள்ளை, படிப்பு, எல்லாத்துக்கும் எப்படிடி நேரம் ஒதுக்குற? பத்து டிப்ஸ் எழுதிக் குடு, எங்க வாசகிகளுக்கு உதவும்" என்றாள்.

பத்தா? என்னிடம் ஒன்றுகூட இல்லை. ஒரு பருவம் முழுக்க நேரத்தை எப்படிக் கோட்டைவிட்டேன் என்று வேண்டுமானால் சொல்லலாம். போன வியாழக்கிழமை எல்லாம் கைமீறிப் போகப் பார்த்தது. அதைத்தான் எழுதப் போகிறேன். டிப்ஸ் வேண்டுபவர்கள் அடுத்த பக்கத்தில் இருக்கும் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கல்யாணமாகி மலேசியாவின் மலாக்காவுக்கு வந்து பதினெட்டு ஆண்டுகள் ஆகின்றன. வீடு பாச்சாங்கில். கணவர் குடும்பம் புலாவ் செபாங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து டவுனுக்கு வந்தது. அவர் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் பார்க்கிறார். ஒரே மகள் பவித்ரா பதினாறு வயதுக்காரி, இடைநிலைப் பள்ளியில் படிக்கிறாள். அப்பாவும் மகளும் இந்த நாட்டுக் குடிமக்கள். நான் அவர்களோடு இருக்க அனுமதிக்கப்பட்டவள், அவ்வளவுதான். அந்த அனுமதிக்குப் பெயர் பாஸ். அது முடியும் முன்னால் கணவரோடு குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். வீடு, காடி, கரண்டு பில், எதிலும் என் பெயர் கிடையாது. இங்கே காரைக் காடி என்பார்கள். எனக்கும் அதுவே பழகிவிட்டது.

அதனால்தான் டுரியான் துங்கால் அருகே ஒரு கல்லூரியில் பாலர் பள்ளி ஆசிரியர் டிப்ளோமாவுக்குச் சேர்ந்தேன். வேலை பார்ப்பவர்களுக்கும் குடும்பத்தில் இருப்பவர்களுக்குமான பகுதிநேரப் படிப்பு அது. முடித்தால் ஒரு காகிதத்திலாவது என் பெயர் தனியாக இருக்கும். இன்னாரின் மனைவி என்று அடியில் போட்டிருக்காது.

2

எல்லாம் ஒரு திங்கட்கிழமை காலையில் கெட்டது.

குழந்தை உளவியல் பாடத்துக்கு இரண்டு வகுப்புகள் வைத்திருந்தார்கள். ஒன்று சனிக்கிழமை காலை, இன்னொன்று வியாழக்கிழமை மாலை ஐந்து மணி. முந்துபவர்களுக்கே இடம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இணையத்தில் பதிவு திறக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை எனக்குத் தோதான நாள், கணவருக்கும் விடுமுறை. மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, குளித்துவிட்டு, விபூதி பூசிக்கொண்டு உட்கார்ந்தேன்.

உட்கார்ந்த பிறகுதான் ராகு காலம் ஞாபகம் வந்தது.

ஊர்க் காலண்டரில் திங்கள் ராகு காலம் ஏழரை முதல் ஒன்பது வரை. பக்கத்து வீட்டு சரோஜா அக்காவைக் கேட்டேன். "கடியாரத்துல ஏழரைன்னா ஏழரைதான் லா! சூரியன் எங்க இருந்தா நமக்கென்னா?" என்றார். லா என்பது இங்கே பேச்சில் ஒட்டிக்கொள்ளும் அசை. கோயில் குருக்களுக்குத் தகவல் அனுப்பினேன். இங்கே சூரியன் ஏழு மணிக்கு மேல்தான் எழுகிறது, அதனால் எட்டரையிலிருந்து பத்து வரை என்று பதில் வந்தது. மனசு கேட்காமல் ஊருக்கு அம்மாவைக் கூப்பிட்டேன். "நீ இந்த ஊர்ல பொறந்தவ. உனக்கு இந்த ஊர் ராகுதான். அங்க மணிக்கு மாத்திப் பாத்துக்க" என்றாள். மாற்றிப் பார்த்தால் பத்திலிருந்து பதினொன்றரை.

யார் சொல்வதையும் தட்ட முடியவில்லை. மூன்றையும் தவிர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். பதினொன்றரைக்கு மேல் சாமியைக் கும்பிட்டுவிட்டுப் பதிவுப் பக்கத்தைத் திறந்தால் சனிக்கிழமை வகுப்பு நிரம்பிவிட்டிருந்தது. வியாழக்கிழமை மட்டும் மிச்சம்.

பள்ளியிலிருந்து வந்த பவித்ராவிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துச் சோபாவிலிருந்து விழாத குறை. "அம்மா, ராகுவுக்கு த்ரீ ஸ்லாட் குடுத்துட்டீங்க. உங்களுக்கு ஒன் ஸ்லாட்கூட இல்ல!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வியாழக்கிழமை மாலை எங்கள் வீட்டில் என்னவெல்லாம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கணவரின் ஷிஃப்ட் மாறினால் காடி இருக்காது. பாச்சாங்கிலிருந்து டுரியான் துங்காலுக்குக் காடி இல்லாமல் போவது பெரும்பாடு. பவித்ராவின் கணக்கு டியூஷன் வேறு அன்றைக்குத்தான்.

3

கல்லூரியில் முதல் வாரமே நேர மேலாண்மை பற்றி ஒரு பயிலரங்கு வைத்தார்கள். பேச வந்தவர் பலகையில் நான்கு கட்டம் போட்டார். அவசரம், அவசரமில்லை, முக்கியம், முக்கியமில்லை என்று வேலைகளைப் பிரித்துப் போடச் சொன்னார். எனக்கு எல்லாமே முதல் கட்டத்தில் வந்து விழுந்தன. மற்ற மூன்று கட்டமும் காலியாகவே கிடந்தன. எட்டிப் பார்த்தவர், "வாழ்க்கையில் ஓய்வும் வேண்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு நகர்ந்தார். நல்ல மனிதர், ஆனால் கல்யாணமாகாதவர் போலிருந்தது.

மன்னார்குடியில் நான் ஒரே ஓர் ஆண்டு கல்லூரிக்குப் போனேன். அதற்குள் கல்யாணம் வந்துவிட்டது. அந்த ஓர் ஆண்டில் நேரத்தை நான் மேலாண்மை செய்ததாக நினைவில்லை. நகராட்சிச் சங்கு ஊதினால் எழுந்தேன், டவுன் பஸ் வந்தால் ஏறினேன், அம்மா திட்டினால் படுத்தேன். என் நேரத்தைப் பார்த்துக்கொள்ள ஊரே இருந்தது. இங்கே எனக்கு நானே சங்கு ஊதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பவித்ரா என் கைப்பேசியில் வண்ண வண்ணமாக ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தாள். படிப்பு சிவப்பு, வீடு பச்சை, கோயில் மஞ்சள். நானும் ஒழுங்காகத்தான் இருந்தேன். பாடங்களைப் பேச்சாகப் பதிவு செய்து காய் நறுக்கும்போது கேட்டேன். பவித்ராவின் மற்ற நாள் டியூஷன் வாசலில் காடிக்குள் உட்கார்ந்து கட்டுரை எழுதினேன். இஸ்திரி போடும்போது சட்டைக்கு ஒன்றாக ஒவ்வோர் அறிஞர் சொன்னதையும் மனப்பாடம் செய்தேன். கணவரின் நீலச் சட்டையைப் பார்த்தால் இப்போதும் குழந்தைகளின் மொழி வளர்ச்சி ஞாபகம் வருகிறது.

ஒரு நாள் அந்த அட்டவணையில் இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பெட்டி முளைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, 'பேசுவது, அம்மா, பவி' என்று ஆங்கிலத்தில் இருந்தது. என் மகள் என்னோடு பேச நேரம் கேட்டு விண்ணப்பம் போட்டிருக்கிறாள். ஏற்கிறேன் என்று அழுத்திவிட்டுக் குளியலறைக்குப் போய் அழுதேன். ஞாயிற்றுக்கிழமை எதிரெதிரே உட்கார்ந்தோம். அவள் ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள், நான் தமிழில் பதில் சொன்னேன், கொஞ்ச நேரத்தில் இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிட்டது. அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு கைப்பேசி பார்த்தாள். அதுவும் போதும் என்றிருந்தது.

அட்டவணைக்குத் தெரியாத நிறம் ஒன்று உண்டு. இங்கே ஒரு வீட்டில் விசேஷமோ துக்கமோ வந்தால் சொந்தக்காரப் பெண்கள் முதல்நாளே போய்க் காய் வெட்டிக் கொடுக்க வேண்டும். டவுனுக்கு வந்து எத்தனை காலமானாலும் தோட்டத்து வழக்கம் மாறவில்லை. புலாவ் செபாங்கில் பெரிய மாமனார் காரியம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. காய் வெட்டு வியாழன் மாலை. போகாவிட்டால், "ஊர்க்காரப் பொண்ணு, அதான் வரல" என்பார்கள். இங்கே ஊர்க்காரர் என்றால் இந்தியாவிலிருந்து வந்தவர். போனேன். ஒரு வியாழன் ஷிஃப்ட் மாறியது. ஒரு வியாழன் மழையில் வழியெல்லாம் தண்ணீர். இன்னொரு வியாழன் பாஸ் விஷயமாகக் கைரேகை பதிய வரச் சொன்னார்கள்.

பருவக் கடைசியில் கைப்பேசிக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. குழந்தை உளவியலில் அனுமதிக்கப்பட்ட விடுப்பு தீர்ந்துவிட்டது. இனி ஒரு வகுப்பு தவறினாலும் தேர்வு எழுத முடியாது. அந்தப் பாடத்தை அடுத்த ஆண்டுதான் மறுபடி நடத்துவார்கள். இன்னும் ஒரே ஒரு வகுப்புதான் மீதி இருந்தது.

அதே வாரம் கணவர், பாஸ் புதுப்பிக்க இணையத்தில் நாள் கிடைத்துவிட்டதாகச் சந்தோஷமாக வந்து சொன்னார். பாஸ் முடிவதற்குள் வேறு நாளே காலி இல்லையாம்.

"என்னைக்கு?" என்றேன்.

"வியாழக்கெழம. மத்தியானம் ரெண்டு மணிக்கு. முடிச்சிட்டு நீ கிளாஸுக்குப் போலாம் லா. என்னா இப்ப?"

4

நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியதுதானே? பவித்ராவும் அதையேதான் சொன்னாள். "ஜஸ்ட் டெல் தெம் லா, அம்மா."

சொல்ல முடியாது. வகுப்பில் யாருக்கும் நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரியாது.

முதல் நாள் எல்லோரும் தங்களை அறிமுகம் செய்துகொண்டபோது, "அசால் டாரி மானா?" என்று கேட்டார் ஆசிரியை புவான் ஹஸ்னா. பூர்வீகம் எது என்று அர்த்தம். புவான் என்றால் திருமதி. பதினெட்டு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு உண்மையான பதிலைச் சொன்னதும் முகங்களில் வரும் மாற்றத்தைப் பார்த்துவிட்டேன். 'ஓ, இந்தியாவா' என்பார்கள். அதற்கப்புறம் என்னிடம் மெதுவாக, சத்தமாகப் பேசுவார்கள், காது கேளாதவளிடம் பேசுவதுபோல. அன்று வாய் தானாக, "புலாவ் செபாங்" என்றது.

பின்வரிசையில் ஒரு பெண் துள்ளினாள். "அக்கா! நானும் அங்கதான்! எந்தத் தோட்டம்? யார் வீடு?"

அவள்தான் யோகேஸ்வரி. இருபத்தோரு வயது. காலையில் ஒரு பாலர் பள்ளியில் உதவியாளராக வேலை, மாலையில் வகுப்பு. கணவரின் அப்பா பெயர், தோட்டத்துப் பழைய லயன் வரிசை வீடு, கோயில் திருவிழா என்று காதில் விழுந்ததையெல்லாம் வைத்துச் சமாளித்தேன். அவள் ஒட்டிக்கொண்டாள். குழு வேலை என்றால் என் பெயரை முதலில் சேர்ப்பாள். நான் வராத நாளில் குறிப்பெடுத்து அனுப்புவாள். பார்த்த உடனே, "பசியாறிட்டீங்களாக்கா?" என்பாள். அவள் அன்பு கூடக் கூட எனக்குப் பயம் கூடியது. இனி எந்த முகத்தோடு உண்மையைச் சொல்வது?

5

வியாழக்கிழமை ஒன்றரைக்கே குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய்விட்டோம். எண் சீட்டு வாங்கி உட்கார்ந்தோம். குளிர்சாதனம் எலும்பைக் குடைந்தது. இரண்டரை வரை எண்கள் நன்றாகத்தான் நகர்ந்தன. அதற்கப்புறம் பலகை நின்றது. முகப்பில் இருந்த பெண், "சிஸ்தம் லம்பாட். துங்கு யா" என்றார். கணினி மெதுவாக இருக்கிறதாம், பொறுக்க வேண்டுமாம்.

பொறுத்தோம். மூன்றரை ஆனது, நாலு ஆனது. என் கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது. கணவர் முழங்காலில் கை வைத்து அழுத்தினார். "ஆடாத மீனா. பாக்கறவன் என்னா நெனைப்பான்?"

"நான் கிளம்பட்டுமாங்க? நீங்க இருந்து வாங்கிடுவீங்களா?"

"நீ இல்லாம எப்படிக் குடுப்பான்? நாளைக்கு மறுநாள் பாஸ் முடியிது. பாஸ் இல்லாம நீ என்னாத்தப் படிக்கப் போற?"

அவர் சொன்னது நியாயம்தான். நியாயமாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. இந்த நாற்காலியில் எத்தனை முறை உட்கார்ந்திருக்கிறேன்! ஒவ்வொரு முறையும் அவர் பேசுவார், நான் பக்கத்தில் பொட்டலம் மாதிரி நிற்பேன். அந்த வகுப்பறை ஒன்றில்தான் என் பெயரைக் கூப்பிட்டால் நானே பதில் சொல்கிறேன். அதுவும் இன்றோடு போய்விடும் என்று பட்டது.

ஐந்தடித்துச் சில நிமிடங்கள் போயிருக்கும். கைப்பேசி அதிர்ந்தது. யோகேஸ்வரி ஒரு படம் அனுப்பியிருந்தாள். வகுப்புத் திரையில் காட்டும் வருகைப் பதிவுக் கட்டம். கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும் அந்தக் கட்டத்தை நம் கைப்பேசியால் படித்தால் வந்ததாகப் பதிவாகிவிடும். பிறகு புவான் ஹஸ்னா அதை மூடிவிடுவார். கீழே எழுதியிருந்தாள்: "அக்கா எங்க? சீக்கிரம் ஸ்கேன் பண்ணுங்க. மூடப்போறாங்க."

கணவரிடம் காட்டினேன். அவர் அந்தப் படத்தைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொல்லி, திரையில் பெரிதாக்கி, என் முன்னால் பிடித்தார். "ஸ்கேன் அடி. யாருக்குத் தெரியப் போவுது?"

நான் உத்தமி என்று யாரும் நினைக்க வேண்டாம். கை நீண்டது. என் கைப்பேசியைத் திறந்து அந்தக் கட்டத்துக்கு நேரே கொண்டுபோனேன். அவர் திரையில் விளக்கு வெளிச்சம் பட்டதில் படம் பிடிபடவில்லை. மறுபடி பிடித்தேன்.

அப்போது பலகை உயிர்பெற்று எங்கள் எண்ணைச் சொன்னது.

கணவர் துள்ளி எழுந்ததில் அவர் கைப்பேசியும் கூடவே போய்விட்டது. இரண்டாம் முறை கூப்பிடும்போது நான் முகப்பில் நிற்காவிட்டால் அடுத்த எண்ணுக்குப் போய்விடுவார்கள். ஓடினேன். கடவுச்சீட்டு, புகைப்படம், வலது கட்டைவிரல், இடது கட்டைவிரல். விரல் ஈரமாக இருந்ததால் இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். முத்திரை விழுந்த சத்தம் கேட்டபோது யோகேஸ்வரியின் அடுத்த தகவல் வந்திருந்தது. "மூடிட்டாங்கக்கா."

6

கணவர் காடியைப் பறக்கவிட்டார். வழியெல்லாம் ஒரு பொய் தேடினேன். ஆஸ்பத்திரி என்றால் கடிதம் கேட்பார்கள். புலாவ் செபாங்கில் சாவு என்றால் முதல் ஆளாக யோகேஸ்வரியே, "யாருக்கா?" என்று எழுந்து நிற்பாள். காடி பழுது என்று சொல்லலாம், ஆனால் அது ஒரு காரணமே இல்லை.

வகுப்புக் கதவைத் திறந்தபோது எல்லாத் தலையும் திரும்பியது. புவான் ஹஸ்னா கடுமையானவர் இல்லை, விதியை மாற்ற மாட்டார், அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லோரிடமும் பேசும் அதே நிதானமான மலாயில் சொன்னார். பதிவு மூடியாகிவிட்டது. உங்களுக்கு விடுப்பு மீதி இல்லை என்பதும் தெரியுமல்லவா? அதிகாரபூர்வமான காரணம் ஏதாவது இருக்கிறதா? ஆதாரம் இருக்கிறதா?

காரணம் இருந்தது. ஆதாரமும் என் கைப்பையில் இருந்தது, முத்திரை மை காய்ந்தும் காயாமலும். வெளியே கூப்பிட்டுத் தனியாகக் காட்டியிருக்கலாம். அந்த யோசனை அப்போது வரவில்லை. பின்வரிசையிலிருந்து யோகேஸ்வரி எனக்காக வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொடுக்கப் பார்த்தாள். அதைப் பார்த்ததும் இனியும் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கடவுச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தேன். இந்த நாட்டுக் கடவுச்சீட்டு சிவப்பு, என்னுடையது கருநீலம். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு அது போதும்.

"சாயா புக்கான் ஓராங் சினி, புவான்" என்றேன். நான் இந்த ஊர்க்காரி இல்லை. அதைச் சொல்ல எனக்கு மலாய் நன்றாகவே வந்தது.

புவான் ஹஸ்னா பக்கத்தைப் புரட்டி அன்றைய தேதியைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, இது அரசாங்க வேலை, விடுப்புக் கணக்கில் வராது என்றார். ஒரு நகல் எடுத்து அலுவலகத்தில் கொடுங்கள், தேர்வு எழுதலாம். முன்பு ஒரு வியாழன் கைரேகைக்குப் போனதையும் சொன்னேன். அப்போதே சொல்லியிருந்தால் அதையும் கழித்திருப்பேனே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

அவ்வளவுதான். ஒரு பருவத்துப் பயம் அந்த ஒரு கேள்வியில் முடிந்துவிட்டது. உட்காருங்கள் என்றார். உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தேன், ஒரு வரிகூடத் தெரியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது.

7

வகுப்பு முடிந்ததும் யாரையும் பார்க்காமல் படியிறங்கினேன். கணவர் காடியின் இருக்கையைச் சாய்த்துப் போட்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். கதவைத் தட்டப் போனபோது பின்னால் ஓடிவரும் செருப்புச் சத்தம் கேட்டது. யோகேஸ்வரி. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாரானேன். எத்தனை நாள் எந்தத் தோட்டம், யார் வீடு என்று அவளிடம் அளந்திருக்கிறேன்!

அவள் மூச்சு வாங்கினாள். "அக்கா, எவ்ளோ நாளைக்குப் போட்டுக் குடுத்தாங்க?"

"பாஸா? மூணு வருசத்துக்கு."

"மூணா? பரவால்லக்கா. நல்லது." தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு சுற்றிலும் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்தாள். "எனக்குச் செவப்பு ஐசிக்கா."

குடிமக்களுக்குத் தரும் அடையாள அட்டை நீலம். இங்கே இருக்கலாம், ஆனால் குடியுரிமை இல்லை என்பவர்களுக்குச் சிவப்பு.

"உனக்கா? நீ புலாவ் செபாங்தானே?"

"பொறந்தது இங்கதான், வளந்தது இங்கதான். எங்கம்மாவுக்கும் செவப்புதான். சர்ட்டிபிகேட் ஒண்ணு இல்ல, அது இல்லன்னா இது இல்லன்னு அலைய வுடுறாங்க. போட்டிருக்கோம், இன்னும் வரல." ஏதோ மழை வரவில்லை என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னாள். "நீங்க எல்லார் முன்னாடியும் டக்குனு எடுத்து வெச்சீங்க பாருங்க. என்னால முடியாதுக்கா."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். என்னைவிடப் பாதி வயது. அவள் ஊரை நான் கடன் வாங்கிச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவளோ, அது தன்னுடைய ஊர்தான் என்று காட்ட ஒரு காகிதத்துக்கு அலைந்துகொண்டிருக்கிறாள்.

"கிளாஸ்ல யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா."

"சொல்ல மாட்டேன்மா."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

போய்விட்டாள். தேர்வு அடுத்த வாரம். வாக்குக் கொடுத்துவிட்டு இதை எழுதியதற்குக் காரணம், இது தெரிய வேண்டிய விஷயம் என்று எனக்குப் பட்டதுதான். இந்தப் பத்திரிகை எங்கள் வகுப்பில் யார் கைக்கும் வராது, இருந்தாலும் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டேன். யோகேஸ்வரி என்பது அவள் பெயர் இல்லை.